முட்டம் பாறையில் ஒரு சிவப்புத் துணி

இன்று பள்ளி விட்டதும் பிலோமினா ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். முட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வது நான்தான். வாத்தியார் ஆனதற்குத் தண்டனை.

அவள் புருஷன் பம்பாய்க்கும் கொழும்புக்கும் போகும் பயணிகள் கப்பலில் சமையல்காரன். கப்பல் நம் கரையை ஒட்டித்தான் போகும், நிற்காது. "புதன்கிழமை மத்தியானம் கலங்கரை விளக்கத்துப் பாறையில் ஏறி நின்னு சிவப்புத் துணி வீசு" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தான்.

இன்றைய கடிதம் கொழும்பிலிருந்து. "நீ துணி வீசினதைக் கண்டேன். கண்ணு நிறைஞ்சு போச்சு. அதுக்குள்ள குழம்பு அடிப்பிடிச்சு ஏச்சும் வாங்கினேன்."

பிலோமினா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எங்க சாரே போனேன்? அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்லா."

"அப்படியே எழுதிரட்டா?"

"வேண்டாம் சாரே. நானும் கப்பலைக் கண்டேன்னு எழுதுங்க."

"அது பொய்யில்லா?"

"அவிய கண்டாச்சுல்லா, பின்ன என்ன?"

எழுதிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு என் மனைவி உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தப் புதன்கிழமை எங்கள் சிவப்புப் போர்வையைத் துவைத்து, ஒரு முனையில் கல்லை வைத்து, அதே பாறையில்தான் உலரப் போட்டிருந்தாளாம். காற்றில் படபடவென்று அடித்ததாம்.

ஒரு மனுஷனை நடுக்கடலில் அழவைத்த போர்வை. இனி அதை எப்படிப் போர்த்திக்கொண்டு தூங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.