துவக்கின் முதுகில் வெள்ளித் தட்டு

எண்பதுகளின் நடுப்பகுதியில், என் அகதி வழக்கு முடியாதிருந்த காலத்தில், பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் ஒரு வேட்டைச்சாமான் கடையின் பின்பட்டறையில் வேலை செய்தேன். ஊரில் லேத் மெஷினில் நின்றவன் என்பதால் கடைக்காரக் கிழவர் என்னை எடுத்தார். அவருக்குப் பிரெஞ்சு மட்டும்தான். எனக்கு அது அரைகுறை. இரும்பைப் பற்றிக் கதைக்க அது போதும்.

ஒரு நாள் நம்மவர் ஒருவர் வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவுப் பகுதி மேற்பார்வையாளர். எங்களுக்குப் பல வருடம் முன்பே படிக்க வந்து தங்கியவர். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. பிறகு வந்த எங்களைக் 'கூட்டம்' என்றுதான் சொல்லுவார். வெள்ளைக்கார மனேஜர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டதும் அனுமதி எடுத்து, துவக்கும் குறிபார்க்கிற ஸ்கோப்பும் வாங்கிவிட்டார். ஸ்கோப்பைத் துவக்கின் முதுகில் பிடித்துவைக்கும் அடித்தட்டுதான் குறை.

தட்டு வாங்குகிறவன் முதலில் தன் துவக்கு எந்த மாடல் என்று பார்க்க வேண்டும். இவர் சம்பந்தி வீட்டுக்குத் தாம்பாளம் தெரிவுசெய்வதுபோல மினுக்கம் பார்த்தார். வெள்ளி போலிருந்த நீளத் தட்டு ஒன்றைக் காட்டினார். நான் அதைத் துவக்கின்மேல் வைத்து, பின்பக்கம் அடியால் ஒரு கடதாசித் துண்டை நுழைத்தேன். அது தடையில்லாமல் மறுபக்கம் வந்தது.

"அண்ணை, இது உங்கட துவக்கில இருக்காது. வளைவு வேற" என்றேன்.

"தம்பி, நீர் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆள். எனக்குப் படிப்பிக்காதையும்."

நான் பூட்ட மறுத்தேன். தானே பூட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை மனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு, துவக்கின் போல்ட், மூடவில்லை. இடைவெளிக்கு ஈடாக நீளத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். அதன் நுனி உள்ளே இறங்கி போல்ட்டை மறித்தது. இந்தக் கடை அகதிப் பெடியன் பூட்டியது என்று மனேஜருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

கிழவர் திருகாணிகளைக் கழற்றினார். தலைகள் கடித்துக் குதறியதுபோல் இருந்தன. தன் பட்டறையில் எவனும் இப்படிச் செய்வதில்லை என்று மனேஜரிடம் பிரெஞ்சில் சொன்னார். மனேஜர் விளங்கி, நம்மவரைப் பார்த்துச் சிரித்தார். நம்மவரும் சேர்ந்து சிரித்தார். பொய்யை மன்னித்திருப்பேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரியான தட்டை நான்தான் பூட்டினேன். கறுப்பு, இரண்டு துண்டு, பார்வைக்கு ஒன்றுமில்லை. துளைகளின் எண்ணெயைத் துடைத்து, திருகாணிக்கு ஒரு துளி பசை விட்டு, நான்கையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். அந்த மனிதருக்காக அல்ல. வேலை பிழைத்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

மனேஜர் வெளியே போனதும் நம்மவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எங்கட சனத்துக்கு இதைச் சொல்லிப்போடாதையும்."

நான் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை துணி தோய்க்கும் கடையில் வரிசையில் நின்ற எங்கட ஆக்கள் நாலு பேருக்கும் சொன்னேன். கூட்டம் நன்றாகச் சிரித்தது. மார்கழிக்குள் பியர்பொன்ட்ஸ் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை.