ஹில்லேவியும் கடைசித் துண்டும்

ஹில்லேவிக்கும் நாற்காலிக்கும் ஆகாது. உட்கார்ந்தால் யோசனை எல்லாம் வடிந்து உள்ளங்காலுக்குப் போய்விடும் என்பது அவள் கட்சி. ஹார்னோசாண்ட் என்ற குளிர்நாட்டுத் துறைமுக ஊரின் பேக்கரி ஆலையில் மற்றவர்கள் உட்கார்ந்து செய்வதை அவள் நின்று செய்வாள். நின்று செய்வதை நடந்துகொண்டே செய்வாள். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கணக்கு வாத்தியார் அவளை முதலில் ஜன்னலோரம் மாற்றினார், பிறகு கதவோரம், பிறகு கதவுக்கு வெளியே.

படிப்பு அத்தோடு போதும் என்று ஆலையின் பொட்டலப் பிரிவில் சேர்ந்தாள். ரொட்டி வரும், பையில் போடு. ரொட்டி வரும், பையில் போடு. கைக்கு வேலை இருந்தது, தலைக்கு இல்லை. சும்மா இருக்கிற தலை என்ன செய்யும்? இலவங்கப்பட்டை பன்னில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டு சுட்டு, பழைய மேலாளரின் மேசையில் வைத்தது. திட்டுவதற்காகக் கூப்பிட்ட மனிதருக்கு வாய் முழுக்க பன். எங்கே திட்டுவது? அப்படித்தான் சோதனை அறை அவளிடம் வந்தது. ஓர் அடுப்பு, ஒரு மேசை, துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். மேசைக்குப் போட்டிருந்த நாற்காலியை முதல் நாளே வெளியே தள்ளிவிட்டாள்.

வருடங்கள் ஓடின. பழைய மேலாளர் ஓய்வு பெற்றுப் போனார், ஸ்டெல்லான் வந்தான். நல்லவன். கெட்ட செய்தியைக்கூட தாலாட்டு மாதிரி சொல்வான். ஜனவரியில் ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"உக்காரேன், ஹில்லேவி."

"எங்க உக்கார்றது? சொல்லு."

"ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய கடைக்காரங்க வர்றாங்க. புதுசா ஏதாவது காட்டணும். நம்மகிட்ட புதுசுன்னு எதுவுமே வந்து ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவையும் இல்லைன்னா இந்த அறையை மூடிடலாம்னு மேல பேசிக்கிறாங்க. லேபிள் அடிக்கிற மெஷினுக்கு இடம் வேணுமாம்."

"அப்ப நான்?"

"பொட்டலப் பிரிவுல உனக்கு எப்பவுமே இடம் இருக்கு," என்றான், பரிசு கொடுப்பவன் போல.

மறுபடியும் அந்த வரிசையில் நின்றால் கை பழகிவிடும், ஹில்லேவிக்குத் தெரியும். தலையும் பழகிவிடுமோ என்றுதான் பயம்.

புதுமையாக யோசிக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வகுப்பில் சேர்ந்தாள். இடது கையால் பல் துலக்கு என்றார்கள். துலக்கினாள், ஈறு கிழிந்தது. தினமும் வேறு பாதையில் வேலைக்குப் போ என்றார்கள். உதைத்து ஓட்டும் பனிச்சறுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துப் பனிக்கட்டி மேலேயே குறுக்கே போனாள். பாதி வழியில் அது அவ்வளவு கெட்டியான பனிக்கட்டி இல்லை என்று தெரிந்தது. முழங்கால்வரை நனைந்து வந்து நின்றவளைக் கணக்குப் பிரிவு தூரே ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன, மீன் வேஷமா?"

"படைப்பூக்கம்டா."

"சொட்டுது. தொடச்சிட்டு வா."

யோசனை வராமல் இல்லை. வந்தது. பீட்ரூட்டும் அதிமதுரமும் சேர்த்து, கறுப்பாக, கடித்தால் நாக்கு விழித்துக்கொள்கிற மாதிரி ஒரு கேக். புதன்கிழமைக் கூட்டத்தில் வைத்தாள். இந்த ஆலையில் எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் பிடிக்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள்.

"அருமையா இருக்கு," என்றாள் பொட்டலப் பிரிவுத் தலைவி மைவோர். "அதிமதுரம் மட்டும் லேசா கொறச்சா, பிள்ளைங்களும் சாப்பிடும்."

"நிறம் கொஞ்சம் பயமுறுத்துது," என்றான் தூரே. "பீட்ரூட் பாதி போதுமே."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்றான் ஸ்டெல்லான்.

அடுத்த புதன்கிழமை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்கடுத்த புதன்கிழமை தட்டில் இருந்தது வெறும் மஞ்சள் கேக். ஆலை முப்பது வருடமாக விற்றுக்கொண்டிருப்பது. எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் பிறந்தது. பழைய அடுப்பை எடுத்துப் போக ஆட்களிடம் பேசியாயிற்று என்று காதில் விழுந்தது. ஹில்லேவி நடந்தாள். அறைக்குள் நடந்தாள், கிடங்கைச் சுற்றி நடந்தாள், வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்தாள். "கம்பளம் பாவம்," என்றான் புருஷன் லாகே. அவளுக்கு முதுகு காட்டியபடி காபி போட்டுவைத்தான், அவள் நடந்துகொண்டே குடிப்பதற்குத் தோதாக மூடி போட்ட குவளையில்.

அந்த வாரம் காலைக் காபி வேளையில் மைவோர் வீட்டிலிருந்து சாக்லேட் கேக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே பிசுபிசுவென்று, ஓரத்தில் மொறுமொறுவென்று. ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒரு துண்டு மிஞ்சியது. ஓரத்துத் துண்டு.

இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுப்பவன் என்ன ஜென்மம்? ஆனால் ஆசை யாரை விட்டது. தூரே கத்தியை எடுத்து அதில் பாதியை மட்டும் வெட்டிக்கொண்டான். மைவோர் அந்தப் பாதியில் பாதி. ஸ்டெல்லான் போகிற போக்கில் பாதியில் பாதியில் பாதி. மறுபடி தூரே. இப்போது தட்டில் கட்டைவிரல் நகமளவு. அதையும் இரண்டாக்கலாமா என்று கத்தி யோசித்துக்கொண்டு நின்றது.

ஹில்லேவி பார்த்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமைதோறும் தன் கேக்கை இப்படித்தானே வெட்டினார்கள் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. கையை நீட்டினாள். நகமளவை எடுத்து வாயில் போட்டாள். விரலால் தட்டைத் துடைத்து அதையும் நக்கினாள்.

தூரே கத்தியைக் கீழே வைத்தான். குளிர்பெட்டி உறுமியது. ஸ்டெல்லான் தன் குவளைக்குள் பார்த்தான், அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

மானம் போய், வண்டி நிறுத்துமிடத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தவளிடம் தூரே வந்தான். காலால் பனியைக் கிளறினான்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிப்பேன். சொல்லு."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போற வழியில பெட்ரோல் பங்க்ல ஒரு கேக் வாங்குவேன். வண்டியை நிறுத்திட்டு முழுசையும் தின்னுடுவேன். கடைசித் துண்டு இருக்கு பாரு, அதுக்காகத்தான் மத்ததெல்லாம். பொண்டாட்டிக்குத் தெரியாது."

ஹில்லேவி சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய் மைவோரைப் பிடித்தாள். "விருந்தாளிங்க போனப்புறம் மிச்சமிருக்கிற துண்டை நீ என்ன பண்ணுவ?"

மைவோர் சுற்றுமுற்றும் பார்த்தாள். "பாத்திரம் கழுவுறப்ப தின்னுடுவேன். நின்னுக்கிட்டே. ஏன், எவ சொன்னா உனக்கு?"

அதற்குப் பிறகு ஹில்லேவியை அறையிலிருந்து வெளியே பார்ப்பது அரிதாயிற்று. சுட்டாள், தூக்கிப் போட்டாள், சுட்டாள். ருசியில் புதுசு எதுவும் இல்லை, மைவோர் வீட்டுச் சாக்லேட் கேக்தான். ஆனால் மூன்று பக்கமும் மொறுமொறு ஓரம் வருகிற மாதிரி சின்ன அச்சில், ஒரே ஒரு துண்டு. உள்ளங்கையில் அடங்குகிற தனிப்பெட்டி. மூடியில் இரண்டே வார்த்தை: கடைசித் துண்டு.

புதன்கிழமை வந்தது. சோதனை அறை மேசைமேல் பெட்டிகளை வைத்தாள். ஸ்டெல்லான் மூடியைத் திறக்கப் போனான்.

"இங்க வேணாம்," என்றாள். "கத்தி கிடையாது. ஆளுக்கொரு பெட்டி. யாரும் பாக்காத இடமா பாத்துப் போய்த் தின்னுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, பரீட்சையில் காப்பியடிக்கப் போகிறவர்கள் மாதிரி கலைந்தார்கள். தூரே தன் காருக்குப் போனான். மைவோர் உறைபனிக் கிடங்குக்குள் புகுந்தாள். ஸ்டெல்லான் மாடிப்படி ஏறிப் போனான், மாடியில் கழிவறை மட்டும்தான் இருக்கிறது.

ஹில்லேவி காலி அறையில் மேசையைச் சுற்றி நடந்தாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். லேபிள் மெஷின் எந்தச் சுவரோரம் நிற்கும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

திரும்பி வந்தார்கள். ஒருவரும் அடுத்தவர் கண்ணைப் பார்க்கவில்லை. தூரேவின் சட்டையில் சாக்லேட்.

ஸ்டெல்லான் தொண்டையைச் செருமினான். "நல்லா இருக்கு. ஒரே ஒரு சின்ன யோசனை. இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா ரெண்டு பேரா பகிர்ந்து..."

"ஸ்டெல்லான்," என்றாள் மைவோர்.

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டெல்லான் அவளைப் பார்த்தான், தூரேவைப் பார்த்தான், காலிப் பெட்டியைப் பார்த்தான். பகிர்வதற்கு மேசைமேல் ஒரு துணுக்குகூட இல்லை.

"இல்ல, வேணாம்," என்றான். "இப்படியே இருக்கட்டும்."

கடைக்காரர்கள் வந்தபோதும் அதே வித்தைதான். வந்திருந்த மூன்று பேரும் கோட்டு சூட்டோடு மூன்று திசைக்குப் போய்த் திரும்பினார்கள். பெண்மணி ஒருத்தி இன்னொரு பெட்டியைக் கைப்பைக்குள் நழுவவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. ஈஸ்டருக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

மறுநாள் ஸ்டெல்லான் சோதனை அறைக்கு வந்தான். "அடுப்பு எடுக்க வர்ற ஆளுங்களை வேணாம்னு சொல்லிட்டேன். அறை உன்னோடதுதான்."

"சரி."

"என்ன சரி? சந்தோஷமா இல்லையா?"

"இருக்கேன்," என்றாள் ஹில்லேவி, மாவை மேசையில் அறைந்தபடி. "ஆனா கிறிஸ்துமஸுக்கு என்ன பண்றதுன்னு ஒண்ணுமே தோணல. காலையிலேருந்து நடந்துக்கிட்டே இருக்கேன்."

"இன்னும் ஈஸ்டரே வரலையே, பொண்ணே."

"தெரியும். கொஞ்சம் நகரு, கோதுமை மாவு உனக்குப் பின்னாடி இருக்கு."