நெஞ்சு வலி என்று சொன்ன ஸ்டெல்லா

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சேகரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சேகர், ஸ்டெல்லாவின் கணவர். டிராக்டர் ஓட்டுகிறவர். அதுவரை ஒருநாளும் என்னோடு போனில் பேசியவரில்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஸ்டெல்லா பூட்டாம்மா," என்றார். "காத்தால டீ போட்டு எல்லாருக்கும் குடுத்தா. நெஞ்சு நோவுதுன்னு செவுத்துல சாஞ்சா. ஆட்டோல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி. ஹார்ட் அட்டாக்குன்றாரு டாக்டர்."

நம் கம்பெனி வண்டியில் வருகிற நான்கு பேருக்கு நான்தான் செய்தி சொன்னேன். நான்கு பேரும் முதலில் "ஐயோ" என்றார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வி: "கயிறா, மருந்தா?"

மாரடைப்பு என்றேன். "வூட்டுல அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றாள் ஒருத்தி. அவள் பெயரை எழுதவில்லை. படிக்கும்போது அவளுக்கே தெரியும்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கிற நமக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதினோரு வருடம் ஸ்டெல்லா நம்மோடு நின்றாள், நம்மோடு வந்தாள். நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டாள். எப்படிப் போனாள் என்பதை நாமாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

அவள் வேலையை முதலில் சொல்கிறேன். கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைத்தான் நாம் செய்கிறோம். பலகையில் வயர்களை வரிசையாகப் படிய வைத்து, டேப் சுற்றி, முனைகளைப் பூட்ட வேண்டும். எனக்கு எதிர்ப் பலகை ஸ்டெல்லாவுடையது. ஒருநாள் மின்சாரம் போய், ஜெனரேட்டர் பிடிக்க நேரமானது. இருட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வெளிச்சம் வந்தபோது அவள் பலகையில் மட்டும் ஒரு கட்டு முடிந்திருந்தது. எந்த நிறம் எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று அவள் கைக்குத் தெரியும். சோதனைக்கு எடுத்துப் போனார்கள். ஒரு வயர்கூட மாறவில்லை. சூப்பர்வைசர் கைதட்டினார். "கரண்டு இல்லாத நேரத்துக்கும் சேத்து டார்கெட் போட்றாதீங்க சார்," என்றாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு நோய் வந்தது. பத்து நாள் தூக்கமே இல்லை. ஓயாமல் பேசினாள். பிறகு பேச்சு சுத்தமாக நின்றுபோனது. சேகர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வந்த முதல் நாளே, டீ இடைவேளையில், யாரும் கேட்காமலே சொன்னாள்: "பின்னாடி குசுகுசுன்னு பேசிக்கினு இருக்காதீங்க, நானே சொல்லிட்றேன். மனசுக்கு மாத்திரை சாப்புட்றேன். வாய் வறண்டு பூடும், தண்ணி குடிப்பேன், அடிக்கடி பாத்ரூம் போவேன். கை லேசா நடுங்கும். வேற இன்னா தெரியணும், கேளுங்க."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனோம். மறுநாள் காலை அவள் பலகையில் கத்திரிக்கோல் இல்லை. நம்மில் யாரோ எடுத்து மறைத்துவிட்டார்கள். ஸ்டெல்லா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "வயரைப் பல்லால கடிக்கட்டுமா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் கம்பெனியில் மனநல வாரம் கொண்டாடினார்கள். நினைவிருக்கும்: பலூன் கட்டினார்கள், கேண்டீனில் கேசரி போட்டார்கள். ஹெச்.ஆர். அதிகாரி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, மேடையில் பேச முடியுமா என்று கேட்டார். அவள் ஒத்துக்கொண்டாள். சீருடையில் அவள் சிரிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு, "மனம் விட்டுப் பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று பேனர் அடித்து வாசலில் கட்டினார்கள்.

அவளும் மனம் விட்டுத்தான் பேசினாள். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார், அதனால் இரவு ஷிப்ட் வேண்டாம் என்றாள். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன், ஒருத்தி திரும்பி வந்தால்தான் இன்னொருத்தி போகலாம் என்பதை மாற்ற வேண்டும் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து நின்று கைதட்டினோம். ஒரு பூந்தொட்டி பரிசு கொடுத்தார்கள். அடுத்த மாத ஷிப்ட் பட்டியலில் அவளுக்கு இரவு ஷிப்ட் இருந்தது. டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்கு ஐந்து முறை போனாள். ஒவ்வொரு முறையும் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தால் மட்டும் அவளை லைனிலிருந்து அழைத்துப்போய்ப் பேனருக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டு அவள் கை வேகம் குறைந்தது. டார்கெட் முடியாத நாட்களில் லைன் முழுவதும் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது. நமக்கும் கால் வலி, வீட்டில் வேலை, பிள்ளைகள். ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஸ்டெல்லாவின் நன்மையைக் கருதி அவரை வேறு வேலைக்கு மாற்றும்படி சக ஊழியர்களே கேட்டுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். நான்காவது கையெழுத்து என்னுடையது.

அவளை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்கு மாற்றினார்கள். ஒதுக்கிய பிளாஸ்டிக் முனைகளை நிறவாரியாகப் பிரிக்கிற வேலை. ஜன்னல் இல்லை. கூட ஆள் இல்லை. அமைதியான சூழல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இருட்டிலும் பிசகாமல் வயர் பூட்டியவள் சிவப்பையும் மஞ்சளையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று வண்டியில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வண்டி சாலவாக்கம் தாண்டியது. பிறகு சொன்னாள்: "அந்தப் பேப்பரைக் காட்னாங்க. மத்தவங்கள்லாம் யாருன்னு தெரியாத மாதிரி கிறுக்கி வெச்சிக்கீறாங்க. நீ ஒருத்திதான் முழுப் பேரும் எய்திக்கீற. அந்த மட்டும் தைரியம் கீதே உனுக்கு." அதன்பிறகு மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

மறுபடி பேச்சைத் தொடங்கியது நான். அதற்குக் காரணம் என் தேவைதான், நல்ல மனம் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் தூக்கம் போயிருந்தது. சமைத்துக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும். பல் தேய்ப்பதே பெரிய வேலையாகத் தெரிந்தது. யாரிடம் சொல்வது? ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். "புதன்கெயமை ஓ.பி. கீது. லீவு போடு," என்றாள்.

புதன்கிழமை நான் மருத்துவமனை வாசலில் இறங்கியபோது அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அவளும் லீவு போட்டிருந்தாள். "நீ ஏன் வந்தே?" என்று கேட்டேன். "ரெண்டு பேரா உக்காந்துக்கினு இருந்தா எவ பேஷண்டுன்னு பாக்கறவனுக்குத் தெரியாது. அதுக்குத்தான்," என்றாள்.

இரண்டு வருடமாக நான் மாத்திரை சாப்பிடுகிறேன். அவள் இருந்தவரை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் காதுபட யாராவது "மெண்டல் கேஸ்" என்று சொல்லும்போது, பக்கத்தில் நானும் இருப்பேன். அவள் பார்வை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பாது. கையெழுத்துப் போட்டவளை அவள் அப்படிக் காப்பாற்றினாள்.

கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்து மணி வாக்கில் அவளுக்கு நெஞ்சில் இறுக்கம், இடது கை குடைச்சல், வேர்வை. கம்பெனியின் முதலுதவி அறைக்கு நடந்தே போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். அவள் பெயருக்கு எதிரே மனநல மருந்து என்று எழுதியிருந்தது. "மாத்திரை ஒழுங்கா போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றாள். "டென்ஷன்தான், மூச்சை இழுத்து விடு," என்று சொல்லி, வாயு மாத்திரை ஒன்று கொடுத்து, முக்கால் மணி நேரம் கட்டிலில் படுக்க வைத்துத் திருப்பி அனுப்பினார். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பதிவேட்டில் அதை எழுத வைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான். மனம் விட்டுப் பேசச் சொன்னார்கள், பேசினாள்.

இதையெல்லாம் அன்று மத்தியானம் வண்டியில் அவளே எனக்குச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. "நெஜமாவே டென்ஷன்தானா வசந்தி? எனுக்கே ஒண்ணும் புரியல. நோவறது எனுக்கு, ஆனா நோவுதான்னு அவங்களைக் கேக்க வேண்டியதா கீது," என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரி மாத்திரையை மறந்துட்டியோ?" என்றேன்.

அதே மாத்திரையைச் சாப்பிடுகிற நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, "வரேன்டி," என்றாள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு நம்மில் நிறையப் பேர் வந்திருந்தோம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்களில் சிலர் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்கள். அவள் மகள் ஜெனிஃபர் அதைக் கவனித்துவிட்டாள். கல்லூரி முதல் வருடம் படிக்கிற பெண். அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவின் கழுத்தை மூடியிருந்த புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விலக்கினாள். "நல்லா பாத்துக்கோங்க," என்றாள். சேகர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை அப்படியே நின்றாள். நாமெல்லாம் தரையைப் பார்த்தோம்.

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேனரில் இருந்த அதே படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரி பேசினார். மனநலப் போராட்டத்தில் ஓர் அன்புச் சகோதரியை இழந்துவிட்டோம் என்றார். இனி மாதம் ஒருமுறை ஆலோசகர் வருவார், மனம் விட்டுப் பேசலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"மேடம், அவ மனநலத்தால சாவல. நெஞ்சு வலின்னு உங்க ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வந்தா. மாத்திரை போட்டியான்னு கேட்டு அனுப்பிட்டீங்க."

"வசந்தி, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது, உட்காருங்க," என்றார்.

"நானும் அந்த மாத்திரைதான் மேடம் சாப்புட்றேன். ரெண்டு வருஷமா. நாளைக்கு எனுக்கு நெஞ்சு வலிச்சா இன்னா பண்ணுவீங்க?"

ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். அது முடிந்ததும் லைனுக்குப் போகச் சொன்னார்கள். போனோம். விசாரணை நடக்கிறது என்று சேகரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பரிசீலனை போலத்தான். அன்றிலிருந்து வண்டியில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து பொறுமையைக் கற்றேன் என்று எழுத மாட்டேன். அந்தப் பொறுமைதான் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்பியது. அவ்வளவு வாய் பேசுகிறவள், அந்த முதலுதவி அறையில் மட்டும் சத்தம் போடவில்லை. அவள் அங்கே போடாமல் விட்ட சத்தத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் லைனில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முதலுதவி அறைக்கு நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். பதிவேட்டை எடுத்தார்கள். மூடி வைக்கச் சொன்னேன். "ஏம்மா இப்பிடிக் கத்தறே?" என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து அவளை ஏற்றும்வரை கத்தினேன்.