ஓட்டமாவடிக்குக் கொண்டுபோன தண்ணீர்

மருதமுனையில் நதீரா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. கல்முனையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவள். அவளுடைய ஸ்கூட்டியின் முன்னால் எப்போதும் ஒரு பை தொங்கும். அதில் பாதி விடைத்தாள், பாதி மீன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தபோது ஊர் அவளைச் சும்மா விடவில்லை. சமகால அரசியல், மனித உரிமை, சர்வதேச உறவு என்று அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, "டீச்சர்ட சர்வதேச உறவு கட்டார்ல ஏசி திருத்துதே!" என்று அவள் புருசனைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் எடுத்த காரியத்தை விடுகிற பெண் அவள் இல்லை. நல்லதும் கெட்டதும் அவளுக்கு அந்தக் குணத்தால்தான் வந்தன.

ஆய்வுக்கு அவள் எடுத்த விசயம் ஊர் நெஞ்சில் கிடந்த நெருப்பு. கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அடக்கவிடாமல் அரசாங்கம் எரித்த அந்தக் காலம். அதைப் பற்றி ஜெனீவாவில் என்ன பேசினார்கள், முஸ்லிம் நாடுகள் எதற்குக் குரல் கொடுத்தன, எதற்கு வாயை மூடிக்கொண்டன என்றெல்லாம் மூன்று அத்தியாயம் எழுதிவிட்டாள். நாலாவது அத்தியாயத்துக்குத் 'துக்கம் காக்கும் உரிமை' என்று பெயர் வைத்தாள். பெயர் நன்றாக இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை. மேற்பார்வையாளர் கேதீஸ்வரன், காரைதீவுக்காரர், நல்ல மனிதர். வாசித்துவிட்டு, "பிள்ளை, இதுக்குள்ள சட்டப் பிரிவு எல்லாம் இருக்கு, ஆக்களைத்தான் காணேல்ல" என்றார்.

ஆளைத் தேடி அவள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் சபியா உம்மா இருந்தார்.

சபியா உம்மாவின் புருசன் பக்கீர் முகைதீன் கல்முனை பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். தண்ணீர் விசயத்தில் மனிதர் பொல்லாதவர். தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காது. கலியாண வீட்டுக்குப் போனாலும் சைக்கிள் கரியரில் ஒரு போத்தல் போகும். கொரோனாவின் முதல் வருசக் கடைசியில் அவரைத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

நடந்ததை மகன் ஸாஜித் தன் போன் கடையின் பின்பக்கத்தில் நின்றபடி நதீராவுக்குச் சொன்னான்.

"எரிக்கிறதுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க டீச்சர். போட மாட்டன் எண்டன். அடுத்த நாள் போனா, எல்லாம் முடிஞ்சி எண்டாங்க. சாம்பல எடுங்க எண்டாங்க. அத எப்புடி நான் கையால எடுக்கிற? எடுக்காமலே வந்திட்டன். ஊட்ட வந்தா உம்மா வாசல்ல நிக்கா. வாப்பா எங்க மனே எண்டு கேக்கா. அவக்கு என்னத்தச் சொல்ற? ஐஸ் அறையில வெச்சிரிக்கி, அடக்கிறதுக்குக் கேஸ் போட்டிரிக்கம் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்தப் பொய் நிலைத்ததற்குக் காரணம் இத்தா. புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களோடு பேச்சில்லை. ஸாஜித் தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினான். உம்மாவின் போன் பழுதாகிப்போனது, அதாவது பழுதாக்கப்பட்டது. வந்துபோன பெண்கள் எல்லாருக்கும் விசயம் தெரியும், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அடுத்தவன் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூக்கால் அறிந்து சொல்லும் ஊர், இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டது. சபியா உம்மா பாயில் இருந்து புருசனை மண்ணில் அடக்கவேண்டும் என்று துஆக் கேட்டபடி இருந்தார். இத்தா முடியுமுன்னே, ஓட்டமாவடியில் அடக்கலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்தது. உண்மையிலேயே ஐஸ் அறையில் காத்திருந்த சிலரை அங்கே கொண்டுபோய் அடக்கினார்கள். "வாப்பாவையும் அடக்கியாச்சி உம்மா" என்று ஸாஜித் சொன்னான். கிழவி ஸுஜூதில் விழுந்து அழுதார். அல்லாஹ் தன் துஆவைக் கேட்டுக்கொண்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். கேட்ட எல்லாரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். வேறு என்னதான் சொல்வது?

"எழுதுங்க டீச்சர், இத எழுதத்தான் வேணும்" என்றான் ஸாஜித். "ஆனா உம்மாட காதுக்குப் போகப்படா. போனா அவ தாங்கமாட்டா."

"என்னை நம்புங்க தம்பி" என்றாள் நதீரா. ஆய்வுக்குச் சம்மதம் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் கட்டளை. மகன் சம்மதித்துவிட்டான், ஆண்பிள்ளை, வீட்டுக்குப் பொறுப்பானவன். அத்தோடு அந்தக் காரியம் முடிந்துவிட்டதாக அவள் எண்ணிக்கொண்டாள். இவ்வளவு படித்தவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து சபியா உம்மா வேன் பிடித்து, அடக்கின இடத்தைப் பார்க்க ஓட்டமாவடிக்குச் சியாரத்துக்குப் போனபோது நதீராவும் கூடப் போனாள். கிழவிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மடியில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. வழி முழுக்க அதை இறக்கி வைக்கவேயில்லை.

மையவாடியில் ஒரே மாதிரியான கபுறுகள் வரிசையாகக் கிடந்தன. யாரும் தேடி வராத ஒன்றை ஸாஜித் முன்னமே பார்த்து வைத்து, வாப்பாவுடையது என்று உம்மாவுக்குக் காட்டியிருந்தான். அதன் பக்கத்தில் உம்மா குந்தினார். ஸலாம் சொன்னார், யாஸீன் ஓதினார். பிறகு போத்தலைத் திறந்து தலைமாட்டில் மெல்ல ஊற்றினார்.

"நம்மட ஊட்டுக் கிணத்துத் தண்ணிதான். இஞ்சத்தத் தண்ணி உங்களுக்குப் புடிக்காதெண்டு எனக்குத் தெரியும்" என்று மண்ணோடு பேசினார். தண்ணீர் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நதீராவிடம் திரும்பினார். "எத்தினை பேர எரிச்சாங்க மகள். என்ர மனிசன அல்லாஹ் மண்ணில சேத்தான். என்ர துஆவ அவன் கபூலாக்கினான்."

"ஆமீன் மாமி" என்றாள் நதீரா. சொல்லும்போது அவள் குரல் உடைந்தது உண்மை. திரும்பி வரும்போது வேனின் கடைசி இருக்கையில் இருந்து கண்டதையெல்லாம் போனில் எழுதிக்கொண்டு வந்ததும் உண்மைதான்.

ஆய்வேட்டில் எல்லாவற்றையும் மாற்றினாள். தேத்தண்ணிக் கடைக்காரரை ஒலுவில் துறைமுகத்து மீனவர் ஆக்கினாள். மகனை இரண்டு மகள்மார் ஆக்கினாள். ஊரின் பெயரை எடுத்தாள். தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு தரம் அழித்தாள், இரண்டு தரமும் திருப்பி எழுதினாள். அது இல்லாவிட்டால் அத்தியாயம் செத்துப்போகிறது. கேதீஸ்வரன் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்பதான் பிள்ளை இது ஆய்வு" என்றார்.

ஆங்கிலத்தில் எழுதின ஆய்வேட்டை மருதமுனையில் யார் வாசிக்கப்போகிறார்கள்? அதோடு விட்டிருந்தால் விசயம் முடிந்திருக்கும். ஆனால் பாராட்டு விழா வைக்காமல் இந்தப் பக்கத்தில் ஒரு பட்டமும் பட்டமாகாது. வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் மண்டபத்தைப் பிடித்து, பதாகை அடித்து, பொன்னாடையும் வாங்கிவிட்டார்கள். "என்ன எழுதினீங்க எண்டு தமிழ்ல ஒருக்காச் சொல்லுங்க டீச்சர், சனம் விளங்கிக்கொள்ளட்டும்" என்றார்கள்.

நதீரா முதலில் ஸாஜித்திடம் போனாள். "உம்மா விழா ஒண்டுக்கும் வாறல்ல டீச்சர், முழங்கால் ஏலாது" என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒருத்தரைத் தவிர ஊருக்கே தெரிந்த கதை. அந்த ஒருத்தரும் வீட்டில். தெரிந்தவர்கள் மத்தியில் தெரிந்ததைச் சொல்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். ஊரே சேர்ந்து மூடி வைத்த சட்டி அது. மூடி எவ்வளவு மெல்லியது என்பது மூடினவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

விழாவன்று பின்னேரம் ஆமினா உம்மா ஆட்டோ பிடித்தார். சபியா உம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். "நம்மட நதீராக்கு விழா, உங்களக் கூப்புடாம விட்டிட்டாங்களே! வாங்க, நான் கூட்டிப் போறன்" என்று சபியா உம்மாவைக் கைபிடித்து ஏற்றினார். மண்டபத்தில் பெண்கள் பக்கத்தைப் பிரித்து நடுவே திரை கட்டியிருந்தார்கள். மேடையில் நின்ற நதீராவுக்கு ஆண்களின் முகங்கள் தெரிந்தன. பெண்கள் பக்கம் பச்சைத் துணிதான் தெரிந்தது.

அவள் நன்றாகப் பேசினாள். பேச்சு அவளுக்கு எப்போதும் வரும். ஜெனீவாவைச் சொன்னாள், உடன்படிக்கைகளைச் சொன்னாள், சனம் கொட்டாவி விட்டது. அதைக் கண்டதும் நாலாம் அத்தியாயத்துக்குத் தாவினாள். "கடலோர ஊர் ஒன்றில் ஒரு தாய். கணவரை எரித்துவிட்டார்கள் என்று இன்றுவரை அந்தத் தாய்க்குத் தெரியாது. ஐஸ் அறையில் இருக்கிறார் என்று பிள்ளைகள் சொன்னதை நம்பினார். இப்போது யாரோ ஒருவருடைய கபுறுக்கு வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார்" என்றாள். ஆண்கள் தலையைக் குனிந்தார்கள். பின்வரிசையில் ஸாஜித் எழுந்து வெளியே போனான். கதை இவர்களை எப்படித் தொடுகிறது என்று அந்த நேரத்தில் அவளுக்குள் ஒரு பெருமை எழுந்தது. இன்றைக்கும் அவளால் தன்னிடம் மன்னிக்க முடியாதது அந்தப் பெருமைதான்.

பொன்னாடை போர்த்தி முடிந்து, வட்டிலப்பம் பரிமாறும்போது அவள் திரையை விலக்கிப் பெண்கள் பக்கம் போனாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூலைக் கதிரையில் சபியா உம்மா இருந்தார். மடியில் வட்டிலப்பத் தட்டு தொடாமல் இருந்தது. பக்கத்தில் ஆமினா உம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கிணத்துத் தண்ணியெண்டா மகள் சொன்னீங்க?" என்று கேட்டார் சபியா உம்மா.

நதீராவின் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. "மாமி..." என்றாள். கிழவி தட்டைக் கவனமாகப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, ஆமினா உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து அந்த வீடு மையித்து வீடானது. பாய் விரித்தார்கள், பெண்கள் வந்து பக்கத்தில் இருந்து அழுதார்கள். "எனக்கு அவர் இப்பதான் மௌத்தானார்" என்று சபியா உம்மா வந்தவர்களிடம் சொன்னாராம். ஸாஜித் நதீராவைத் தெருவில் கண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "நம்பித்தானே டீச்சர் தந்தன்." அதன் பிறகு அவன் அவளோடு கதைக்கவில்லை. கேதீஸ்வரன் போன் எடுத்து, பட்டமளிப்புக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஒரு கிழமை பொறுத்து அவள் அந்த வீட்டுக்குப் போனாள். விரட்டினாலும் பரவாயில்லை என்றுதான் போனாள். சபியா உம்மா விரட்டவில்லை. பாயில் இடம் காட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மாமி."

"மன்னிக்க என்ன இரிக்கி" என்றார் உம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் நதீராவுக்குத் தாங்க முடியவில்லை. "இத்தாவில இரிக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நான் என்னத்துக்கு அழுதன் தெரியுமா மகள்? ஐஸ் அறையில அவருக்குக் குளிருமே எண்டு அழுதன். ஒரு போர்வ குடுத்தனுப்புங்க எண்டு ஸாஜித்தக் கெஞ்சினன். அவர நெருப்பில போட்டு முடிச்சிட்டாங்க எண்டு ஊருக்கே தெரியும். நான் குளிருக்கு அழுதிரிக்கன்."

நதீரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எரிச்சவங்க எனக்கிட்டக் கேக்கல்ல, செரி, அவங்க ஆரோ. பெத்த மகன் சொல்லல்ல, பயந்திட்டான். நீங்க மண்ணடியில எனக்குப் பக்கத்தில நிண்டு ஆமீன் எண்டு சொன்னீங்களே மகள். ஒருக்கா எனக்குச் சொல்லிப்போட்டு எழுதியிரிக்கலாமே. நானே உக்காந்து எல்லாத்தையும் சொல்லித் தந்திரிப்பன். என்ர மனிசன்ட கதைதானே?"

துக்கம் காக்கும் உரிமை. அத்தியாயத்தின் பெயர் நதீராவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்த உரிமைக்காக உலகத்தின் சட்டங்களையெல்லாம் தேடிப் படித்தவள், அது யாருடைய உரிமையோ அவரை மட்டும் கேட்க மறந்துபோனாள்.

உம்மா எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் போத்தல் இருந்தது, கழுத்துவரை நிரப்பி. அதை நதீராவுக்கு முன்னால் பாயில் வைத்தார்.

"நீங்க தேடித் தேடிப் படிச்சவ. அந்தச் சாம்பல எங்க கொட்டினாங்க எண்டு உங்கட புத்தகத்தில இரிக்கா?"

இல்லை. எத்தனையோ கேள்வி கேட்டவள் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒருவரும் இல்லை. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

சபியா உம்மா போத்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தத் தண்ணிய நான் எங்க ஊத்துற மகள்?"