பெயின்ட் வாளியில் பரங்கிக்கொடி

பெயின்ட் வாளியில் பரங்கிக்கொடி வைத்தால் காய் தங்குவது கஷ்டம் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அப்பா யாரையும் கேட்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வயலும் வரப்புமாக வளர்ந்த மனிதருக்கு, ஒரு கொடி வளர்க்க இன்னொருவரிடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல். கடலூர் முதுநகரில் பெயின்ட் கடை வேலைக்கு வந்த பிறகு அவருக்கென்று இருந்த நிலம், நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடிதான். அதுவும் வீட்டுக்காரருடையது.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். தம்பிதான் என்று முடிவு செய்தது நான். அவனுக்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது எனக்குத் தெரியாது. அம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமைத்துப் போடச் சித்தி வந்திருந்தாள். கட்டிலைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்த என்னை அங்கிருந்து கிளப்பத்தான் அப்பா அந்தத் தோட்டத்தையே ஆரம்பித்திருக்க வேண்டும்.

கடையில் காலியான பெரிய வாளிகளைக் கொண்டுவந்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டார். ஊரிலிருந்து மூட்டையில் வந்த மண்ணையும் சாணி எருவையும் நான் முழங்கை வரை அப்பிக்கொண்டு பிசைந்தேன். கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் வைத்தோம். ஒரு வாளியில் பரங்கி. அது பூத்தபோது, ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவ வேண்டும் என்றார் அப்பா. நான்தான் தடவினேன். பிஞ்சு பிடித்தது. அதற்கு மேல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். விரலை மடக்கி, முட்டியால்தான் காட்ட வேண்டும். எதற்கு வம்பு என்று நான் அந்த நாட்களில் டவுன் பஸ்ஸைக்கூட முட்டியால்தான் காட்டினேன்.

அம்மாவால் மேலே வந்து பார்க்க முடியாது. அதனால் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்து, பிஞ்சு எவ்வளவு பெரிசு என்று கைகளை அகட்டிக் காட்டுவது என் வேலையாயிற்று. தம்பி எவ்வளவு பெரிசு என்று நான் திருப்பிக் கேட்பேன். அவளும் கைகளை அகட்டிக் காட்டுவாள். பிஞ்சா தம்பியா, யார் வேகமாக வளர்வது என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் ஓடியது. ஒருநாள் அவள் அப்பாவிடம் சொன்னாள்:

“அது தங்கிடுச்சின்னா இதுவும் தங்கிடுங்க. எனக்கு என்னமோ அப்படித்தான் தோணுது.”

மறுநாள் அப்பா அந்த வாளிக்கு மட்டும் இன்னும் இரண்டு கை எரு போட்டார்.

துணி காயப்போட மாடிக்கு வந்த சித்திதான் காரியத்தைக் கெடுத்தாள் என்று வெகுகாலம் நம்பினேன். சோப்பு நுரை காயாத விரலை நேராக நீட்டி, இதுதானா அந்தப் பரங்கி என்று கேட்டாள். நான் போட்ட கூச்சலைக் கேட்டுச் சிரித்தாள். காலேஜ் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். அந்த வாரமே பிஞ்சு மஞ்சள் பூத்து, காம்போடு கழன்று விழுந்துவிட்டது.

அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாளி ஓரமாகவே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பரங்கிப்பிஞ்சுக்கா இவ்வளவு என்றிருந்தது எனக்கு.

“அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு. எப்பவும் போல கைய விரிச்சிக் காட்டு. தெனம் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டு.”

காட்டினேன். பொய் சொல்வது தப்பு என்று அடித்த கையே பொய் சொல்லச் சொன்னதில் எனக்குக் கொள்ளை ஆனந்தம். சித்தியோடு மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அம்மாவைச் சிதம்பரத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பதாகச் சித்தி சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். செய்த காரியம் உறுத்துகிறது போலும் என்று நினைத்தேன். பெரிய மனசு பண்ணி, நீ விரல் காட்டியதை அம்மாவிடம் சொல்லவே மாட்டேன், அழாதே என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். மன்னித்த பிறகும் அழுகிறாளே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

சில நாள் கழித்து அம்மா திரும்பி வந்து, அதே கட்டிலில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்தாள். சாயங்காலம் நான் காய் இல்லாத கொடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தேன். நானாகவே முன்னால் போய் நின்று, நல்ல தேங்காய் அளவுக்குக் கைகளை விரித்தேன். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

“இவ்ளோ பெருசா ஆயிடுச்சா?”

ஆமாம் என்றேன். தம்பி எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். கதவருகே நின்ற அப்பா சட்டென்று வெளியே போய்விட்டார். அம்மா போர்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். மெதுவாக விரித்து, முன்பு காட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினாள்.

அம்மாவை நன்றாக நம்பவைத்துவிட்டேன் என்ற பெருமையோடு அன்றைக்குச் சாப்பிட்டேன். என் கைகளுக்கு நடுவில் காய் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கைகளுக்கு நடுவிலும் ஒன்றும் இல்லை என்பது தெரியாது.