பாயிண்ட் தம்பிராஜாவின் ஒரே நாக் அவுட்

யாராவது கை குலுக்க வந்தால் தம்பிராஜா வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். தெரிந்தவர்களுக்கு இடது கையை நீட்டுவார். மலாய்க்காரர்களிடம் அது பெரிய மரியாதைக் குறைவு என்பதால் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் ஒன்பது வருடம் இதைப் பார்த்தார்கள். யூனுஸின் தேநீர்க் கடையில், “அது நாக் அவுட் கைடா, கண்டவன்கிட்டயும் குடுத்துத் தேய விடுவாரா?” என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெருமை என்று நினைத்தார்கள். பெருமை இல்லை என்று அவர் மனைவி கமலவேணிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாக் அவுட்டுக்கு முன்னால் அவருக்கு ‘பாயிண்ட்’ தம்பிராஜா என்றுதான் பெயர். பகலில் நகராட்சியில் சாலை போடும் வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை, கேளிக்கைப் பூங்காவின் மேடையில் குத்துச்சண்டை. ஏழு வருடத்தில் முப்பத்தொரு சண்டை போட்டு இருபத்து நாலில் ஜெயித்திருந்தார். இருபத்து நாலும் மூன்று நடுவர்கள் புள்ளி போட்டுச் சொன்ன வெற்றிகள். ஒருவனையும் அவர் படுக்க வைத்ததில்லை. இடது கையால் தொட்டுத் தொட்டு விலகுவார். எதிரி வீசும்போது அங்கே இருக்கமாட்டார்.

“தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துறாண்டா,” என்று கூட்டத்திலிருந்து கத்துவார்கள். “நாங்க தூங்குறோம், முடிஞ்சதும் எழுப்பிவிடு.”

கமலவேணிக்கு அந்தக் கேலி உறைத்ததில்லை. மற்றவர்களின் மனைவிமார் திங்கட்கிழமை காலையில் புருஷன் முகத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் மட்டும் போனபோது இருந்த அதே முகத்தோடு வீடு திரும்பினார். புள்ளியில் ஜெயிப்பதன் மதிப்பு அவளுக்கு அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் போதும்.

ஐம்பத்தேழாம் வருடம் ஜனவரியில் அந்த மதிப்பு ஆட்டம் கண்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவனை ஆறு சுற்றும் அலைக்கழித்துவிட்டு நின்றார் தம்பிராஜா. நடுவர்கள் சிங்கப்பூர்க்காரனின் கையைத் தூக்கினார்கள். கூட்டத்துக்கே அது தவறு என்று தெரியும். ஆனாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை. தூங்கவைத்தவனுக்காக யார் வருவார்கள்?

மே மாதம், சண்டைகளை நடத்தும் அலாவுதீன் வீட்டுக்கே வந்தார். ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா. அந்த வாரம் கோலாலம்பூரில் பெரிய குத்துச்சண்டை. மலாக்காவிலிருந்து ஒரே ஒருவரைக் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஜூனில் தேவதாஸோடு தம்பிராஜாவுக்கு ஒரு சண்டை இருந்தது.

“தேவதாஸைப் படுக்க வை. இல்லேன்னா கோலாலம்பூர் நோட்டீஸ்ல உன் பேரு கிடையாது,” என்றார் அலாவுதீன்.

“பாயிண்ட்ல ஜெயிச்சாலும் ஜெயிப்புத்தானே, அலாவுதீன் நானா?”

“ஜெயிப்புத்தான், யாரு இல்லைன்னா? ஆனா அது மூணு பேரு பேனாவுல இருக்கு. ஜனவரியில பாத்தே இல்ல? ஒருத்தன் மல்லாந்து கெடந்தா அதை எந்தப் பேனாவும் அழிக்க முடியாது. உனக்கு வயசு முப்பத்தொண்ணு தம்பி. அடுத்த மெர்டேக்கா எப்ப வரும்?”

அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லாததைத் தம்பிராஜா கவனிக்கவில்லை.

தேவதாஸின் வீடு மூன்று வீடு தள்ளி. கப்பல்களிலிருந்து கரைக்குச் சரக்கு இறக்கும் தொங்காங்குப் படகுகளில் மூட்டை தூக்குகிறவன். தம்பிராஜாவை மச்சான் என்று கூப்பிடுவான். அவன் மனைவி அஞ்சலையும் கமலவேணியும் ஒரே குழாயடியில் துணி துவைத்தார்கள்.

சண்டையன்று காலையில் கமலவேணியின் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, வீட்டில் சொல்லக்கூடாத ஒன்றைத் தம்பிராஜா அவளிடம் சொல்லிவிட்டார். மேடையில் ஏறுகிற உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மணிக்கு முன் கையுறைகள் தொடும்போது ஒருவன் வலது கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். மற்றவனும் இரண்டு தட்டினால் அது வாக்கு. அடிக்கலாம், புள்ளி சேர்க்கலாம், ஆளைக் கெடுக்கக்கூடாது. கடைசிச் சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் வலது கை எழவே கூடாது. இது வெளியே தெரிந்தால் சண்டையே நடக்காது என்பதால் பெண்டாட்டியிடம்கூட யாரும் மூச்சுவிடுவதில்லை.

“தேவதாஸ் தட்டுவான், நானும் தட்டுவேன்,” என்றார். “நீ நிம்மதியா வந்து பாரு.”

கமலவேணி நிம்மதியாகத்தான் போனாள். அஞ்சலையும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துக் கச்சான் கடலையைத் தின்றார்கள். மேடையில் தேவதாஸ் இரண்டு தட்டினான். தம்பிராஜாவும் இரண்டு தட்டினார். அது என்னவென்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே பெண் கமலவேணி.

ஐந்து சுற்று வழக்கம்போலப் போயிற்று. “பூகுல்! பூகுல்!” என்று மலாய்க்காரர்கள் அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். “முத்திரை போதும்டா, கவரை ஒட்டுடா,” என்று பின்வரிசையில் ஒரு தமிழ்க் குரல். கடைசிச் சுற்றான ஆறாவதில் கூட்டம் பாதியாகக் கலையத் தொடங்கியது. அரை நிமிடம் மிச்சமிருந்தபோது முன்வரிசையிலிருந்து அலாவுதீனும் எழுந்து, கையிலிருந்த நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். தம்பிராஜா அதைப் பார்த்தார்.

தேவதாஸ் வாக்கை நம்பிக் கைகளை மார்புக்குக் கீழே இறக்கியிருந்தான். லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தான். தம்பிராஜாவின் வலது கை அவன் தாடையில் இறங்கியது. மெல்லிய துணி விரித்த பலகையில் பின்னந்தலை மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. கைதட்டியவர்களில் கமலவேணியும் ஒருத்தி. நடுவர் நான்கு எண்ணிய பிறகுதான் அவளுக்குக் காலையில் கேட்டது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அஞ்சலை மட்டும் உட்கார்ந்தபடியே, “எந்திரிங்க, எந்திரிங்க,” என்று சாதாரணக் குரலில், காலையில் வேலைக்கு எழுப்புகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பிராஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு காஜா பெராங் வரை வந்தார்கள். தேவதாஸ் இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

கோலாலம்பூரில் தம்பிராஜாவின் வலது கை ஆறு சுற்றும் எழவில்லை. புள்ளியில் தோற்று, பஸ்ஸில் தனியாகத் திரும்பினார். அதன்பின் மேடை ஏறவில்லை. ஆனால் ஊருக்கு அந்த ஒரு குத்துப் போதுமாக இருந்தது. இருபத்து நாலு வெற்றிகளை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தப் பெயருக்காகவே நகராட்சியில் அவரை மண்டோராக்கினார்கள். சாலைக்கூலிகள் பன்னிரண்டு பேர் அவருக்குக் கீழே. தேவதாஸைப் பற்றி ஊர் சொன்ன கதை வேறு. “திமிர் பிடிச்சவன். தம்பிராஜா முன்னாடி கையைத் தொங்கப்போட்டுக்கிட்டுச் சிரிச்சான். நல்லா வாங்கினான்.”

அஞ்சலையும் அதைத்தான் நம்பினாள். பகலெல்லாம் ரப்பர் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து, மாலையில் கஞ்சி ஊட்டும்போது திட்டுவாள்.

“கை எதுக்குய்யா இருக்கு, மூஞ்சிய மறைக்கத்தானே? பெரிய ராஜான்னு தொங்கவிட்டு நின்ன. இப்ப யாரு குந்தி அள்ளிப்போடுறா?”

தேவதாஸ் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். நல்ல கையை எடுத்து அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். சற்றுப் பொறுத்து மறுபடியும் இரண்டு தட்டு.

“தண்ணியா? அதுக்கு எதுக்கு இத்தனை தட்டு? இந்தா.”

ஒருநாள் மீன் குழம்பு கொடுக்கப்போன கமலவேணி இதை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து புருஷனிடம் சொன்னாள்.

“போய்ச் சொல்லிருங்க.”

“சொன்னா அவன் எந்திரிச்சு நடப்பானா?”

“நடக்க வேணாங்க. அவ தெனமும் திட்டுறா. வாயில்லாத மனுஷன், நம்மளால திட்டு வாங்குறாரு.”

“தீபாவளி போகட்டும்.”

தீபாவளி போயிற்று. மகன் பெரிய பள்ளிக்கூடம் சேரட்டும் என்றார். பிறகு மேலதிகாரி மாறட்டும் என்றார். மாதாமாதம் அரை மூட்டை அரிசி மட்டும் தவறாமல் அஞ்சலை வீட்டுக்குப் போயிற்று. “அடிச்ச கையே சோறும் போடுது. இந்த மாதிரி மனுஷன் உண்டாக்கா?” என்பாள் அஞ்சலை. கமலவேணியும் அவருக்கு முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். மண்டோர் பெண்டாட்டி என்கிற மரியாதையும் சம்பளமும் அவளைத் தடுத்தனவா, அல்லது அன்று கூட்டத்தோடு சேர்ந்து தட்டிய தன் கைகள் தடுத்தனவா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றை மட்டும் கண்டுகொண்டாள்: காத்திருப்பது கஷ்டமே இல்லை.

அறுபத்தாறாம் வருடம் மழைக்காலத்தில் சாக்கடைச் சுவர் சரிந்து தம்பிராஜா செத்துப்போனார். ஊரே திரண்டு வந்தது. அலாவுதீன் வந்து, அந்தப் பழைய ஜூன் மாதத்துக் குத்தைக் கூடத்தில் நின்றபடி நடித்துக் காட்டினார். வந்தவர்கள் துக்கத்தை மறந்து கேட்டார்கள்.

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு அஞ்சலை வந்து கமலவேணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவரு மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்லக்கா. சாமி சத்தியமா. எல்லாம் எங்க ஆளோட கொழுப்பு. ஒழுங்கா கையைத் தூக்கி வச்சிருந்தா அவருக்கும் அந்தப் பாவம் வந்திருக்காது.”

கமலவேணி வாயைத் திறந்தாள். ‘ரெண்டு தட்டுன்னா வாக்கு’ என்று மூன்று வார்த்தை போதும். கூடத்தில் பெண்கள் இருந்தார்கள். நகராட்சி எழுத்தர் வாசலில் நின்று, பையனுக்கும் அங்கேயே ஒரு வேலை போட்டுத் தருவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சி குடுத்துட்டியா?” என்றாள்.

“இல்லக்கா. போய்த்தான்.”

அஞ்சலை எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் மூன்று வீடு தள்ளி அவள் திட்டுகிற குரல் கேட்டது.