ஐஸ் பெட்டியும் மீன்செதில் பற்றும்

அடியில் தீ எரிந்தால் மேலே ஐஸ் உண்டாகும் என்று இன்றைக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி அதற்கு உயிர் கொடுத்தது இந்தக் கை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கு மேல் படித்திருந்தால் கெட்டுப் போயிருப்பேன்.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். இரணியல் சந்தைப் பக்கம் எனக்கு ஒரு கடை. பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஸ்டவ், ஒழுகுகிற செம்பு, எது வந்தாலும் சரி செய்வேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவில் எரிகிற விளக்குகளில் பாதிக்கு மூச்சு கொடுத்தவன் நான்தான். என் ஈயப்பற்றுக்கு ஓர் அடையாளமும் உண்டு. மற்றவர்கள் ஓட்டையில் ஈயத்தை உருக்கி விட்டு, துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஈயம் இறுகுவதற்குள் சூட்டுக்கோல் நுனியால் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டித் தட்டி, கெண்டை மீனின் செதில் மாதிரி வரி போட்டு முடிப்பேன். அவசியமா என்றால் இல்லை. அழகு. கண்ணைக் கட்டிவிட்டு விரலால் தடவச் சொன்னாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் ‘இது அவன் வேலை’ என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தச் செதில்தான் என்னை மாட்டிவிடப் பார்த்தது.

ஒரு நாள் காலை, எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுச் சேவகர் கடைக்கு வந்து நின்றார். கள்ளச்சாராயம் பிடிக்கிற இன்ஸ்பெக்டர். அவர் ஜீப் சத்தம் கேட்டால் மலையடிவாரத்து அடுப்புகள் தானாக அணைந்துவிடும் என்பார்கள். “கொச்சம்மா கூப்பிடுதாவ. சாமானை எடுத்துக்கிட்டு வாரும்” என்றார் சேவகர். கொச்சம்மா என்றது இன்ஸ்பெக்டரின் மனைவியை.

போனேன். அடுக்களையை ஒட்டிய அறையில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கொழும்பில் வியாபாரம் செய்யும் அப்பா மகளுக்கு அனுப்பிய மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டு அப்பளமும் இரண்டு பட்டுப் புடவைகளும்.

“இது பீரோவா கொச்சம்மா?”

“பீரோவாத்தான் கெடக்கு மக்கா. வந்த நாள்ல இருந்து ஒரு பொட்டுக் குளிர்ச்சி கெடையாது. நானோ, தெனமும் ஐஸ் போட்டு சர்பத் குடிக்கோம்னு அப்பாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் அப்பா கார்ல வந்து எறங்குதாவ. இந்த மாதிரிப் பெட்டி முன்ன பாத்திருக்கியா?”

“கொழும்புலயே நூறு பாத்தவனாக்கும்” என்றேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கால் வைக்காதவன் நான். அதனால் என்ன? மனிதன் செய்த சாமான்தானே அது.

பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகைப் பார்த்தேன். கீழே, மேஜை இழுப்பறை மாதிரி உருவி எடுக்கும் மண்ணெண்ணெய்த் தொட்டி. அதன்மேல் வட்டத் திரி. திரிக்கு நேர் மேலே, முதுகோடு ஏறிப் போகும் புகைக்குழல். தொட்டியும் திரியும் எனக்குச் சொந்தக்காரர்கள். புகைக்குழல் தூரத்து உறவு. அதற்கும் மேலே வளைந்து நெளிந்து கிடந்த இரும்புக் குழாய்களும், அவற்றில் கோர்த்திருந்த தகடுகளும் முன்பின் தெரியாதவர்கள்.

சொந்தக்காரர்களிடமிருந்து தொடங்கினேன். திரி கருகி மொட்டையாக இருந்தது, வெட்டி நேராக்கினேன். புகைக்குழலுக்குள் முறுக்கிய தகடு ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்து, ஈர்க்கில் கட்டால் குழலின் கரியைக் குத்திக் கொட்டி, திரும்பத் தொங்கவிட்டேன். தொட்டி ஒரு மூலையில் கசிந்தது. எண்ணெயை வடித்து, சுடுதண்ணீர் விட்டு நன்றாக அலசி, காய்ந்த பிறகு பற்று வைத்தேன். கை சும்மா இருக்குமா? செதில் போட்டுத்தான் முடித்தது. கொச்சம்மா குனிந்து பார்த்து, “அய்யோ, மீனு மாதிரியே இருக்கே!” என்றார். பெருமையில் எனக்குத் தலை உத்தரத்தில் இடித்தது.

எண்ணெய் விட்டுப் பற்ற வைத்தேன். புகைந்து கிடந்த மஞ்சள் சுடர் போய், சுற்றிலும் நீலச் சுடர். ஸ்டவ்வாக இருந்தால் அதோடு கூலி வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இது ஐஸ் பெட்டி. வெகுநேரம் கழித்து உள்ளே கையை விட்டேன். பட்டுப் புடவை கதகதவென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப். பின்னாலேயே ஒரு மாட்டுவண்டி. வண்டியில் சாராயம் காய்ச்சுகிற ஒரு செம்புப் பானையும், சுருட்டிய செம்புக் குழாயும். பிடித்த சாமானைக் எக்சைஸ் ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒருமுறை காட்டிவிட்டுப் போவது இன்ஸ்பெக்டரின் வழக்கம். மீசையும் தொப்பையுமாக இறங்கியவர் சேவகர்களைக் கொண்டு சாமானைத் திண்ணையில் இறக்கி வைத்தார்.

குழாயின் முழங்கை வளைவைப் பார்த்தேன். கெண்டைச் செதில். என் செதில்! புல்தைலம் காய்ச்சி வாற்ற வேண்டும் என்று ஓர் ஆள் கொண்டுவந்து கொடுத்த குழாய். குழாய் வந்தால் ஒட்டிக் கொடுப்பேன். அதற்குள் என்ன ஓடும் என்று கேட்பது என் தொழில் இல்லை. ஆனால் உள்ளறையில், சூடு ஆறாத தொட்டியிலும் அதே செதில் கிடக்கிறதே!

“ஆளுவ ரப்பர் தோட்டத்துக்குள்ள பூந்து ஓடிட்டானுவ” என்று இன்ஸ்பெக்டர் மனைவியிடம் சொன்னார். “இந்தக் குழாயை ஒட்டினவன் கெடைச்சாப் போதும், எல்லாப் பேரும் வந்துரும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீ இந்த வேலைக்காரன்தானே. இது யாரு கை, சொல்லு.”

“தெரியாது ஏமானே. வடக்க உள்ள வேலை மாதிரி தெரியுது.”

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் குனிந்து செதிலை நகத்தால் சுரண்டினார்.

“யாரோ கத்துக்குட்டி. கோழி கிண்டின மாதிரி வச்சிருக்கான். ரெண்டு தடவை அடுப்புல ஏத்தினா விட்டுப் போயிரும்.”

கோழி கிண்டினதாம்! என் நாக்கு என்னிடம் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

“விடாது ஏமானே! குழாய் இத்துப் போகும், அந்த ஈயப்பத்து விடாது. இந்த ஜில்லாவுல வேற எவனையாவது அதுமாதிரி வச்சுக் காட்டச் சொல்லும், நான் கடையை இழுத்து மூடுதேன்!”

உள்ளேயிருந்து கொச்சம்மா எட்டிக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்தினார், முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்ஸ்பெக்டரும் சிரித்தார், மீசைக்குள். “தொழில் தெரிஞ்சவனை அடிச்சா வாயைத் தொறக்க மாட்டான் பாத்துக்கோ. வேலையைக் கொறை சொல்லணும். குழாய் கொண்டுவந்தவன் பேரைச் சொல்லு.”

“பேரு கேக்கது எனக்குப் பழக்கமில்ல ஏமானே.”

“அப்ப லாக்கப்புல இருந்து பழகு.”

“இவனை உள்ள போட்டா ஐஸை யாரு போடுவா, நீங்களா?” என்றார் கொச்சம்மா. “நாளைக்கு அப்பா எறங்கும்போது ஐஸ் இருந்தா இவனை வீட்டுக்கு விடுங்க. இல்லன்னா உள்ள போடுங்க. அப்பாகிட்ட பதில் சொல்ல வேண்டியது நீங்களாக்கும், சொல்லிட்டேன்.”

கள்ளச்சாராயக்காரன் வீசிய அரிவாளுக்கு அஞ்சாதவர் என்று பேர் எடுத்த மனிதர், மாமனாரை நினைத்து ஒரு நிமிஷம் மீசையைத் தடவினார். “சரி. அதுவரைக்கும் இவன் படி தாண்டக் கூடாது.”

அடுத்து நான் செய்ததுதான் புத்திசாலித்தனம். அந்த வாற்றுச் சாமானை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். “ஏமானே, இதுல உங்களுக்குத் தெரியாதது இல்ல. ஒவ்வொண்ணாச் சொல்லும்.”

புகழ்ச்சிக்கு மயங்குவதில் அவர் எனக்கு அண்ணன். “இது பானை. கீழ தீ. கொதிச்சா ஆவி இந்தக் குழாய்ல ஏறும். மேல தண்ணித் தொட்டிக்குள்ள சுருள். அங்க ஆவி குளுந்து சொட்டும்.”

நான் பெட்டியின் முதுகில் விரலை ஓட்டினேன். புகைக்குழலை ஒட்டி இருக்கும் தடித்த குழாய்தான் பானை. மெலிந்து மேலே ஏறுவது ஆவிக்குழாய். தகடு கோர்த்தது தண்ணீருக்குப் பதில் காற்றில் குளிர்கிற சுருள். முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து உறவு சொன்னார்கள்.

“சொட்டுறது எங்க வந்து விழும்?” என்று இன்ஸ்பெக்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

“விழாது. உள்ள போயி பெட்டியைக் குளுத்திட்டு, திரும்பப் பானைக்கே வந்துரும். செக்குமாடு மாதிரி ஒரே சுத்து.”

“ஒரு சொட்டும் வெளிய வராதா? என்னலே சாமான் இது!” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“வாற்று சில சமயம் நின்னு போகுமே ஏமானே, எதனால?”

“பானை சரிஞ்சா நின்னு போகும். ஊறல் குழாய்க்குள்ள ஏறி அடைச்சுக்கிடும். அவனுவ குழாயைக் கழத்தித் தலைகீழா உதறுவானுவ.”

எனக்குள் விளக்கு எரிந்தது. “கொச்சம்மா, இந்தப் பெட்டி எப்படி வந்தது?”

“லாரியில படுக்கப் போட்டு. சேவகர் அதுமேலேயே படுத்துத் தூங்கிட்டு வந்தாரு. வந்த உடனே நிறுத்திப் பத்த வச்சோம்.”

அதோடு தரையையும் பார்த்தேன். கழுவிவிட்ட தண்ணீர் வடிகால் ஓவுக்கு ஓடுவதற்காக அந்த அறையின் தரையே சரிவு. படுத்து வந்ததில் குழாய் அடைத்திருக்கிறது. சரிந்து நின்றதில் அடைப்பு அடைப்பாகவே கிடக்கிறது. இந்தக் குழாயைக் கழற்ற முடியாது. உதற வேண்டும் என்றால் பெட்டியோடு உதற வேண்டும்.

“தலைகீழா நிறுத்துங்க!”

“இவனுக்குக் கிறுக்கு முத்திட்டு” என்றார் சேவகர். ஆனால் தீயை அணைத்து, தொட்டியை உருவி, அப்பளத்தையும் புடவைகளையும் வெளியேற்றி, இன்ஸ்பெக்டர், இரண்டு சேவகர்கள், வண்டிக்காரர், நான் எல்லோரும் சேர்ந்து கவிழ்த்தோம். உள்ளே ‘களக்... களகள...’ என்று சத்தம். சேவகர் கையை விட்டுவிட்டுத் துள்ளினார். “உள்ள யாரோ வாய் கொப்புளிக்கான் ஏமானே!” இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் பெட்டி என் கால்மேல் வந்தது. நானும் சிரித்துக்கொண்டே கத்தினேன்.

சத்தம் அடங்கும்வரை தலைகீழாக நிற்கவிட்டு, நிமிர்த்தினோம். உச்சியில் ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கமும் சாயாத வரைக்கும் அடியில் ஓட்டுத் துண்டுகளைச் செருகினேன். குழாய்க்குள் இருப்பதெல்லாம் அதனதன் இடத்துக்கு இறங்கட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் திரியைப் பற்ற வைத்தேன். ஐஸ் தட்டில் தண்ணீரும் வைத்தாயிற்று. அன்றைக்கு என் படுக்கை இன்ஸ்பெக்டர் வீட்டு வராந்தாவில், காவலோடு.

காலையில் கொச்சம்மா போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. ஐஸ் தட்டின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல். மத்தியானத்துக்குள் கட்டியே ஆகிவிட்டது. அதுவரை ஐஸைத் தொட்டறியாத சேவகர், “சுடுது ஏமானே!” என்று உதறினார். இன்ஸ்பெக்டர் ஓர் ஐஸ் துண்டை எடுத்து அவர் சட்டைக்குள் போட்டார். அவர் முற்றத்தில் ஆடிய ஆட்டத்தைக் கொடைக்குக்கூடக் காசு கொடுத்துப் பார்க்க முடியாது. கொழும்புக்காரர் காரில் வந்து இறங்கி, ஐஸ் கடகடக்க நன்னாரி சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நான் அனுப்பின சாமான் பின்ன எப்படி இருக்கும்!” என்றார்.

நான் பையைத் தூக்கினேன். இன்ஸ்பெக்டர் வழியை மறித்து என் கையில் ஓர் அரத்தை வைத்தார்.

“செம்புக் குழாய் கோர்ட்டுக்குப் போகணும், அதை நான் தொட மாட்டேன். இந்தத் தொட்டி என் வீட்டுச் சாமான். நாளைக்கு எவனாவது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா என் மானம் போயிரும். அந்த மீனை ராவிட்டு வீட்டுக்குப் போ.”

லாக்கப்பே தேவலை என்று தோன்றியது. தீயை அணைத்து, ஆறியதும் தொட்டியை உருவி எடுத்து ராவினேன். ஒவ்வொரு செதிலாகப் பொடிந்து தரையில் விழுந்தது. பற்று மட்டும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்து, வழுவழுவென்று இருக்கவே தலையை ஆட்டினார்.

மேலேதான் தடவினார். தொட்டியின் அடி மூலையில், கை புகாத இடத்தில், ஒரு செதிலை நான் விட்டுவைத்திருந்தேன்.